நாங்கள் குழந்தைகளாக உட்கார்ந்த வகுப்பு

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் படித்தேன். விடுதியில் தங்கிப் படிப்பு. எனக்கு அப்போது பதினெட்டு வயது. அரிசி மில்லில் வேலை பார்த்த அப்பா நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நான் டீச்சர் ஆனால்தான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வயல் கூலிகள். வீடு ஊருக்கு வெளியே, சேரியில். அங்கிருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் அவள்தான். சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் படித்தாள். விடுதியில் எங்கள் தட்டுகள் எல்லாம் அடுக்களை அலமாரியில் இருக்கும். அவள் தட்டு மட்டும் ஜன்னல் விளிம்பில் இருக்கும். அங்கே வைக்கும்படி யாரும் சொல்லவில்லை. முதல் நாள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளாகவே அங்கே வைத்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களில் யாரும் அதை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

படுக்கப் பாய் போடுவது பெயர் வரிசைப்படி. அதனால் அவள் பாய்க்கு அடுத்த பாய் என்னுடையதாக அமைந்தது. பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் வருஷம் முழுக்கப் புத்தகப் படிப்பு. குழந்தை மனம் எப்படிப்பட்டது, கேள்வி எப்படிக் கேட்க வேண்டும், எல்லாக் குழந்தைகளையும் ஒன்றுபோல நடத்துவது ஏன் முக்கியம் என்றெல்லாம் நோட்டு நோட்டாக எழுதினோம். இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சி. எங்கள் கட்டடத்தை ஒட்டியே மாதிரிப் பள்ளி ஒன்று இருந்தது. அக்கம்பக்கத்துத் தெருப் பிள்ளைகள் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தார்கள். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். பின்பெஞ்சில் எங்கள் ஆசிரியை உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

அவளுடைய முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. ஐந்தாம் வகுப்பு, தமிழ்ப் பாடம். ஒரு பிள்ளைக்கு அந்த வகுப்பு வந்தும் 'ழ' சரியாக எழுத வரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுத வைத்தாள். நாங்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

மறுநாள் அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. பத்து மணிக்குப் பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்றபடியே சத்தம் போட்டார்கள்.

"எங்க பிள்ளையக் கையத் தொட்டு எழுத வைக்காளாமே, இது எங்கன உள்ள நியாயம்?"

"சர்க்கார் அவளுக்குப் படிப்புக் குடுக்கட்டும், வேண்டாங்கல. அதுக்கு எங்க வீட்டுப் பிள்ளைதான் கெடச்சுதா?"

தலைமையாசிரியை பாளையங்கோட்டைக்காரர். கெட்ட மனுஷி என்று அவரை நான் சொல்ல மாட்டேன். என் அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவர். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

"நான் சட்டம் பேசலாம்மா," என்றார். "பேசினா நாளைக்கு மாதிரிப் பள்ளியில பிள்ளையே இருக்காது. அப்புறம் இங்க யாருக்குமே பயிற்சி கிடையாது. கொஞ்சம் பொறுத்துக்க. நான் ஒரு வழி பண்ணுதேன்."

"சரிங்கம்மா," என்றாள் அவள்.

அவர் பண்ணிய வழி இதுதான். விதிப்படி அவள் எடுக்க வேண்டிய பாடங்களை எங்களுக்கே எடுக்க வேண்டும். நாங்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வேண்டும். பதிவேட்டில் வகுப்பு நடந்ததாக எழுதிக்கொள்ளலாம்.

சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டு அறையில் நாங்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டுத் தரையில் உட்காருவோம். ஆளுக்கொரு சிலேட்டு. முதல் நாள் ஒரே கூத்து. ஒருத்தி, "டீச்சர், ஒண்ணுக்கு!" என்று விரலை நீட்டினாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டு, "டீச்சர், இவ என்னயக் கிள்ளுதா!" என்று அழுதாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவள் சிரிக்கவில்லை. ஒண்ணுக்குக் கேட்டவளிடம், "போயிட்டு வந்து கையக் கழுவணும், என்ன?" என்றாள். அழுதவளின் பக்கத்தில் போய்க் குனிந்து, "எங்கன வலிக்கு? காட்டு" என்று கேட்டாள். அழுதவளுக்கு முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் கூத்தடிக்கவில்லை.

ஒரு நாள் பின்னக் கணக்கு நடத்தினாள். சிற்றாற்றிலிருந்து ஒரு பெட்டி நிறைய மணல் அள்ளி வந்திருந்தாள். நாழி, உரி, உழக்கு என்று மூன்று அளவுப்படிகளை எங்கிருந்தோ இரவல் வாங்கி வரிசையாக வைத்தாள். என்னைக் காட்டி, "அரையைக் காலால வகுத்தா என்ன வரும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு டீச்சர்."

"எப்படி?"

"தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்."

"ஏன் அப்படிப் போடணும்? அரையே சின்னது. அத வகுத்தா இன்னும் சின்னதால்லா ஆகணும்? ரெண்டு எப்படி வந்தது?"

நான் கையிலிருந்த சிலேட்டைப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, நீ நடிக்கல. நெசமாவே தெரியல உனக்கு" என்றாள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள் நான். உரியில் மணலை நிரப்பி என் கையில் கொடுத்தாள். "இது அரை நாழி. உழக்கு கால் நாழி. இதுல எத்தன உழக்கு இருக்குன்னு அளந்து பாரு." அளந்தேன். ஒன்று. இரண்டு. அவ்வளவுதான். வகுத்தல் என்றால் இதற்குள் அது எத்தனை தடவை இருக்கிறது என்று கேட்பது. பத்து வருஷம் படித்ததில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்கள் நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

செய்முறைத் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். அவர் முன்னால் நிஜப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்க வேண்டும். எனக்கு விழுந்தது கணக்கு. முந்தின நாள் நான் பாடக்குறிப்பு எழுத முடியாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, அவளே மணல் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"இத நீ எடு."

"அப்போ நீ?"

"நான் மழை எப்படிப் பெய்யுதுன்னு எடுக்கேன். என் வகுப்புல பிள்ளையள் இருக்குமோ இருக்காதோ, யாரு கண்டா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டேன். காலையில் என் பாடம் நடந்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு மணலை அளந்தார்கள். தேர்வாளர் எழுந்து வந்து தானும் ஒரு உழக்கு அளந்து பார்த்தார். "இது உங்க சொந்த யோசனையா?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாயில் அப்படியே வந்துவிட்டது.

அவளுடைய பாடத்தை மத்தியானம் கடைசியாகப் போட்டிருந்தார்கள். எப்படியோ பேசிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார் தலைமையாசிரியை. அவள் கரும்பலகையில் மலையும் மேகமும் வரைந்து முடித்திருப்பாள். ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். தேர்வாளர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து தன் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே இரண்டு பெண்கள் வந்தார்கள். பிறகு மற்ற பிள்ளைகள் தாமாகவே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. கடைசியில் இரண்டே பிள்ளைகள் மிஞ்சின. அந்த இரண்டும் எங்கள் விடுதியைப் பெருக்குகிறவளின் பிள்ளைகள்.

நாங்கள் அத்தனை பேரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு வருஷமாக அவள் முன்னால் பிள்ளைகளாக உட்கார்ந்தவர்கள்தான். உள்ளே போய் அந்தக் காலி இடங்களில் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு அந்த எண்ணம் வந்தது, நன்றாக நினைவிருக்கிறது. கால் நகரவில்லை. தேர்வாளர் என்ன நினைப்பார், காலையில் எனக்குப் போட்ட மார்க்கைக் குறைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரியாது. ஒருத்தியும் நகரவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் மணி அடிக்கும் வரை பாடம் நடத்தினாள். குரல் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எதையோ எழுதினார், எழுந்து போனார். அவர் எழுதியது பிறகு எங்களுக்குத் தெரிந்தது. 'வகுப்பைக் கட்டுக்குள் வைக்கும் திறன் போதாது.'

அவள் தேறினாள், கடைசி வரிசையில். நான் முதலாவதாகத் தேறினேன். எனக்குக் குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. அவளை வாசுதேவநல்லூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு ஓராசிரியர் பள்ளிக்குப் போட்டார்கள். ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். முதலில் இரண்டு கடிதம் எழுதினாள். நான் ஒன்றுக்குப் பதில் போட்டேன். அதற்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

ஆறேழு வருஷம் கழித்து, ஐப்பசி மாதத்தில், குற்றாலத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. சீசன் முடிந்து ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மழையில் அருவி மட்டும் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டிருந்தது. பட்டணத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர் பேசினார். ஏழைப் பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. வீட்டுச் சூழல் சரியில்லை, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். முன்வரிசையில் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள்.

அடுத்ததாக நான் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். மணல் பெட்டியோடு மேடைக்குப் போய் நிமிர்ந்தபோதுதான் கடைசி பெஞ்சில் அவளைப் பார்த்தேன். இளைத்துப்போயிருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது.

பாடத்தை நடத்தி முடித்தேன். கை தட்டினார்கள். அப்போது எனக்குள் என்ன வந்ததோ தெரியவில்லை. "இந்தப் பாடம் என்னுடையது இல்லை. கடைசி பெஞ்சில் இருக்கிறார்களே, அந்த டீச்சர் யோசித்தது. இதை வைத்துத்தான் நான் முதல் மார்க் வாங்கினேன்" என்று சொன்னேன்.

 முன்வரிசையில் இருந்த பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் எழுந்து, "பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மை! ஆசிரியர் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார். மறுபடியும் எனக்கே கை தட்டினார்கள். அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றாள். உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். தாழ்வாரத்தின் ஓரத்தில் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப எதுக்குட்டி அதச் சொன்ன?" என்றாள். கோபமில்லை. உடம்புக்கு முடியாதவர்கள் கேட்பது மாதிரி இருந்தது குரல்.

"மனசு கேக்கல."

"உனக்கு மனசு ஆறிட்டு. எனக்கு என்ன கெடச்சுது? அத்தன ஆபீசர் இருந்தாவ, உன் பேச்சக் கேட்டாவ. என் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவதா ஒரு டீச்சர் வேணும்னு சொல்லிருக்கலாம்லா. நாலு வருசமா எழுதிப் போடுதேன். ஒண்ணாங் கிளாஸுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தா அஞ்சாங் கிளாஸுக்குக் கணக்கு கெடையாது. கூரையும் ஒழுகுது. மழை நாள்ல பிள்ளையள ஒரு மூலையில அடச்சு வச்சுக்கிட்டு நிக்கேன். அந்தப் பேராசிரியரு சொல்லுதாருல்லா, பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு? எங்க ஊர்ல கூலிக்குப் போற பொம்பளையள்லாம் வேலைய விட்டுட்டு வந்து வாசல்ல நின்னு பாத்துட்டுப் போதாவ, இன்னைக்காவது பாடம் நடக்குதான்னு."

மத்தியானக் கூட்டத்தில் அவளே எழுந்து கேட்டுவிட்டாள். டெபுடி இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "இடம் ஒதுக்கத் தயாராகத்தான் இருக்கோம்மா. அங்கே போக ஆள் இல்லை. உத்தரவு போட்டா ஒரே வாரத்தில் சிபாரிசோடு மாறிப் போயிடறாங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "விருப்பப்பட்டுப் போகிறவர்கள் இங்கே யாராவது உண்டா? இப்பவே பெயர் எழுதிக்கொள்கிறேன்."

முப்பது, நாற்பது பேர் இருந்திருப்போம். எனக்கு வீடு குற்றாலத்தில், கணவருக்கு வேலை தென்காசியில், கையில் இரண்டு வயதுப் பிள்ளை. காரணங்கள் எல்லாம் உண்மையானவைதான். நோட்டைத் திறந்து காலையில் எழுதிய குறிப்பைப் படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தலையைத் தூக்கியபோது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, புளியங்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் சொல்லித்தான் மீதி தெரிந்தது. நுரையீரலில் சீக்கு வந்து அவள் ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அவளுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அத்தனை மாதமும் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அவள் திரும்பிப் போனபோது பெரிய பிள்ளைகள் மாடு மேய்க்கவும் செங்கல் சூளைக்கும் போயிருந்தன. அவள் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். சின்னதுகள் கொஞ்சம் வந்தன. பெரியதுகள் வரவில்லை. அவற்றின் பெயர்களைப் பதிவேட்டில் அடிக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தாளாம். அதற்காக மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்ததாம்.

நான் தலைமையாசிரியை ஆனேன். வாசுதேவநல்லூர் வழியாகப் பல தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். மேற்கே பிரியும் மண் பாதையை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அங்கே பஸ் நிற்கும். நாலைந்து பேர் இறங்குவார்கள். ஒரு தடவைகூட நான் இறங்கியதில்லை.