பவளப்பாறைக்கு எத்தனை வாட்?

மீன் தொட்டி வியாபாரத்தில் மீன் செத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பல்பு ஃப்யூஸானால் குடும்பத்தோடு வருவார்கள். "காரண்டி எங்கே?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

சமுத்திர ராஜன்

டெல்லிக்குக் கலர் டிவி வந்த புதிது. கரோல் பாகில் லாலாஜி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருவரின் மீன் தொட்டிக் கடையில் நான் சேல்ஸ்மேன். டிவி கலராகிவிட்டதால், பக்கத்தில் இருக்கும் மீன் தொட்டியும் கலராக இருக்கவேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். லாலாஜிக்கு மூளையில் மின்னல் வெட்டியது. உப்புத் தண்ணீர்த் தொட்டி, உள்ளே உயிருள்ள பவளப்பாறை! டெல்லியில் எவனிடமும் இல்லை, நாம்தான் முதல் என்றார்.

அந்தப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார். நான் திண்டுக்கல்காரன். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக பஸ் மாறி பஸ் ஏறவேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டேன், அதுவும் மூக்கைப் பிடித்துக்கொண்டு. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். லாலாஜி என் முதுகில் தட்டிச் சொன்னார்: "அரே, நீ மதராஸி. சமுத்திரம் உனக்கு வீட்டு வாசல்!"

குட்மார்னிங்

ஜனக்புரியிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் வருவார், நம்ம ஊர்க்காரர். கன்னியாகுமரியில் வாங்கிய வெள்ளைப் பவளப்பாறை ஒன்றைத் தொட்டியில் வைத்திருந்தார். அது கிளைவிட்டு வளரவேண்டும் என்று ஆசை. முதலில் குண்டு பல்பு வாங்கினார். வளரவில்லை. டியூப்லைட் வாங்கினார். அசையவில்லை. இன்னொரு டியூப்லைட். லாலாஜி கண்ணைச் சிமிட்டி, "நாலாவதும் விற்றுவிடு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நாலாவது தடவை மனைவியோடு வந்தபோது சொல்லிவிட்டேன்: "சார், வெள்ளையா இருந்தா அது எப்பவோ செத்துப்போனது. வெறும் கூடு. சூரியனையே கொண்டுவந்து தொங்கவிட்டாலும் வளராது." மனுஷர் முகம் செத்துவிட்டது. அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "மூணு மாசமா தினம் அதுக்கு குட்மார்னிங் சொல்லிட்டுத்தான் ஆபீஸ் போறார். எங்கிட்டகூட ஒருநாள் சொன்னதில்ல."

பால் கேனில் வந்த விருந்தாளிகள்

உயிருள்ள பவளத்தைக் கொண்டுவந்தவர் ஸ்டெல்லா சிஸ்டர். எங்கள் கடை வாடிக்கையாளர், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், தூத்துக்குடிக்காரர். தம்பி சங்கு குளிப்பவர். லீவு முடிந்து திரும்பும்போது, லாலாஜி கெஞ்சியதற்காக, கடல் தண்ணீர் நிரப்பிய பால் கேனில் மூன்று துண்டுகளை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர்கள், "சிஸ்டர், குழம்பு வாசனை தூக்குதே" என்றார்களாம்.

பம்பாயிலிருந்து வரவழைத்த கடல் உப்பைக் கரைத்து, தொட்டியை நிரப்பி, மூன்றையும் உள்ளே வைத்தோம். மூன்றும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தன. ஒருவாரம் ஆகியும் அதே கதை. லாலாஜியின் அன்பு வற்றிப்போனது. எனக்கோ கல்யாணமாகி, கல்யாணி டெல்லிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மொட்டைமாடி ஒற்றை அறையில் அப்போதுதான் குக்கர் விசில் அடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து லாலாஜி, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சொன்னார்: "தீவாளிக்குள்ள இது பூக்கணும். இல்லேன்னா மெட்ராஸ் போற ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல உனக்கு நானே டிக்கெட் எடுத்துத் தரேன்."

ஏணி உபயம்

வெளிச்சம் போதவில்லை என்பதுதான் கோளாறு. குண்டு பல்பை இரட்டிப்பாக்கினேன். தண்ணீர் சூடாகி ரசம் வைக்கிற பதத்துக்கு வந்தது. நாற்பது வாட் டியூப்லைட்டை மாட்டினேன். தண்ணீர் பிழைத்தது, பவளம் கண்டுகொள்ளவில்லை. வெளிநாட்டு விளக்கு ஒன்று உண்டு என்று விசாரித்து விலை சொன்னேன். லாலாஜி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெயிலுக்காகத் தொட்டியைக் கடை மொட்டைமாடியில் வைத்து, அரை மணியில் இறக்கிவிட்டேன். குரங்கு வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, என் மூஞ்சியைப் பார்த்துத் துப்பியது. சத்தியமாகத் துப்பியது.

தெருக்கம்பத்தில் எரிகிற மெர்க்குரி விளக்கு போலப் பலமான ஒன்று மலிவாகக் கிடைத்தால் தேவலை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். தங்கமீனுக்குத் தீனி வாங்க வந்த ரிட்டயர்டு அரசாங்க அதிகாரி ஒருவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்: "எங்க வீட்டு வாசல் கம்பத்துல ஒண்ணு எரியுது பேட்டா. கழட்டிக்கோ, ஏணியை நான் பிடிச்சுக்கறேன்."

சிஸ்டரின் வைத்தியம்

டூட்டி முடிந்து ஸ்டெல்லா சிஸ்டர் நோயாளியைப் பார்க்க வருவதுபோல வந்தார். தொட்டிக்குள் எட்டிப்பார்த்து உச்சுக்கொட்டினார். நான் வாட் கணக்கு, பல்பு கணக்கு எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டவர், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "நடு மத்தியான வெயில்ல கெடந்த பிள்ளையள கொண்டாந்து இருட்டுல போட்டுட்டிய. கடலுக்கு யாரு தம்பி டியூப்லைட்டு போட்டா?"

வெளுத்த சேலை

தீபாவளி நெருங்கிவிட்டது. ஒருநாள் பக்கத்துச் சேலைக்கடையில் கூச்சல். எட்டிப்பார்த்தேன். கண்ணாடி ஜன்னல் பொம்மைக்குக் கட்டியிருந்த பனாரஸ் சேலையை ஒரு அம்மாள் விலை பேசி, பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்மடிப்பு ரத்தச் சிவப்பு, வெளிப்பக்கம் பஞ்சுமிட்டாய் நிறம். புதிதாகத் தொங்கவிட்டிருந்த மெர்க்குரி விளக்குதான் சேலையை வெளுத்துவிட்டது. கடைக்காரர் பஞ்சாபியில் அந்த விளக்கின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறி தட்டியது. சேலை எப்போது வெளுக்கும்? வெயிலில் போட்டால். அப்படியானால் அந்தச் சனியன் வெயிலேதான்! ஓடிப்போய் விளக்கையும் அதை எரியவைக்கிற சோக்கையும் கையேந்திக் கேட்டேன். அவர் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் கத்தினார்: "லே ஜா யார், எடுத்துட்டுப் போ! என் சேலையைத் தின்ன மாதிரி உன் மீனையும் தின்னட்டும்!"

விலை போனவன்

தொட்டிக்கு மேலே ஒரு முழம் விட்டு விளக்கைத் தொங்கவிட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை; ஜி.டி. எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று கல்யாணியே விசாரித்து வைத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டுவிட்டு, கூட்டிப் பெருக்கித் திரும்பினால், பெரிய துண்டு மெல்ல விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை. அப்படி ஒரு பச்சை! மதியத்துக்குள் மற்ற இரண்டும் விரிந்துவிட்டன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். தெருவே திரண்டுவிட்டது. சேலைக்கடைக்காரர் கஸ்டமரை அம்போவென்று விட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து நின்றார்.

தீபாவளிக்கு முன்தினம் பெரிய கார் ஒன்று வந்தது. இறங்கிய அம்மாள் தொட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "அப்படியே எடுத்துக்கறேன், விளக்கோடு" என்றார். லாலாஜி மூச்சுவிடாமல் தலையாட்டினார். தொட்டி போச்சு, விளக்கு போச்சு, அந்தப் பிரிவே போச்சு. அப்புறம் நான் எதற்கு? "லாலாஜி, விளக்கையாவது..." என்று வாயெடுத்தேன். "சும்மா இரு" என்றார். அந்த அம்மாள் பர்ஸைத் திறந்தவர், என்னைக் கவனித்துவிட்டு நிறுத்தினார். தினமும் இதைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார். லாலாஜி என்னைக் காட்டினார். அம்மாள் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு லாலாஜியிடம் கேட்டார்: "டேங்க், லைட், இந்த மதராஸி, மூணும் சேர்த்துத்தானே இந்த விலை?"

அதன்பிறகு பல வருஷம் காலையில் லாலாஜி கடை, மாலையில் அந்த அம்மாள் வீடு, இரண்டு இடத்திலும் சம்பளம் என்று காலம் ஓடியது. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும், அந்தக் கடையில் காரண்டி கேட்காமல் ஒருவர் வாங்கிப்போன ஒரே சரக்கு நான்தான்.