பேர் மட்டும் மாறிய வாரம்

என் சகலை ஜெயபாலனுக்கு மனசில் பயம் புகுந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும். மோட்டார் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வாரம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாசிர் கூடாங்கில் ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பவர் அவர். பம்ப் ஒழுகினால் கணினியில் ஒரு ‘இஷ்யூ’ பதிவாகும். அதை ஒரு ஃபிட்டர் பேரில் போடவேண்டும். இஷ்யூக்கள் எல்லாம் ‘புராஜெக்ட்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை, ஐம்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது இவ்வளவும். ஃபிட்டர்கள்கூடத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியதும், “எனக்கு இன்னிக்கு என்னா இஷ்யூ அண்ணே?” என்றுதான் கேட்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை கணினியைத் திறந்தால் புராஜெக்ட்டும் இல்லை, இஷ்யூவும் இல்லை. ‘ஸ்பேஸ்’ என்று ஒன்று, ‘வொர்க் ஐட்டம்’ என்று இன்னொன்று. வேறு யாருடைய கணக்கிலோ நுழைந்துவிட்டோம் என்று வெளியே வந்து மறுபடியும் உள்ளே போனார். அதேதான் இருந்தது.

பக்கத்து மேசை இஞ்சினியர் லோஷினி எட்டிப் பார்த்தாள். “பேரு மட்டும்தான் மாறியிருக்கு அங்கிள். மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு. ரிலேக்ஸ் லா!”

நல்ல பெண், ஆறுதலாகத்தான் சொன்னாள். வினையே அங்கேதான் தொடங்கியது.

சகலை காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது, நுழைவாசல் பலகையில் தோட்டத்தின் பேரை மாற்றினார்கள். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு வந்து, சகலையின் அப்பாவிடம் பேர் மட்டும்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தையே விற்றுவிட்டார்கள் என்பது, வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. சகலையின் அக்கா பரீட்சைகூட எழுதாமல் கிளம்பினார்.

“அது தோட்டம், இது கம்ப்யூட்டர்” என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“மொதல்ல பேரை மாத்துவாங்க சகலை. அப்புறம் ஆளை மாத்துவாங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. தொழிற்சாலையிலோ ஒரே குழப்பம். இவர் இஷ்யூ என்பார், லோஷினி ஐட்டம் என்பாள், ஃபிட்டர்கள் எதைச் சொல்வதென்று தெரியாமல் “அந்தச் சாமான்” என்றார்கள். மேலாளர் ஃபைசால் ஒருநாள் தலையாட்டாமல் கடந்து போனார். போச்சு, அதுவும் சகுனமாகிவிட்டது. சகலை சிங்கப்பூர் வேலைக்கு ஒரு ஏஜென்ட்டிடம் பேசி வைத்தார். இந்த வயதில் தினமும் விடியுமுன் எழுந்து, எல்லை தாண்டும் பாலத்து நெரிசலில் நிற்க முடியுமா என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“அவங்க போன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே போறேன்னு சொல்லிட்டா மரியாதை” என்று வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனார்.

போனவர் முதலில் லோஷினியிடம் கேட்டிருக்கிறார். “நேராச் சொல்லும்மா. என்னை அனுப்பப் போறாங்களா?”

சிரிக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். “தெரியல அங்கிள். என்னோட கான்ட்ராக்ட்டும் இந்த வருஷத்தோட முடியுது. கேக்கப் பயந்துகிட்டு நானும் சும்மா இருக்கேன்.”

இரண்டு பேருமாக ஃபைசால் அறைக்குப் போனார்கள். அவரும் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “அலமாக், ஜெயா, என் புராஜெக்ட் எல்லாம் எங்கே போச்சு?” என்று மலாயில் இவரிடமே கேட்டார். சகலை அதற்குப் பதில் சொல்லாமல், தன் வேலை போகப்போகிறதா என்று கேட்டுவிட்டார்.

ஃபைசால் எலிச்சுட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பேரை மாற்றியது மென்பொருள் கம்பெனி, தொழிற்சாலை இல்லை என்றார். இந்த வருஷம் யாரையும் அனுப்பும் பேச்சே இல்லை. அடுத்த வருஷத்தைப் பற்றித் தனக்கே தெரியாது, தெரிந்தால் இவர்களிடம்தான் முதலில் சொல்வேன் என்றார்.

சாயங்காலம் சகலை இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இதெல்லாம் ஒரு பதிலா?”

“எனக்கு இது போதும். ஏஜென்ட்டுக்கும் வரலன்னு சொல்லிட்டேன்.” மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியை உதறிக் கொடியில் போட்டார். பிறகு குரல் உடைந்துவிட்டது. “தெரியாதுன்னு வாயைத் தொறந்து சொன்னாரு சகலை. எங்கப்பாகிட்ட அதைக்கூட யாரும் சொல்லல.”