கிளிஃபர்டுக்கு உதவும் பதினாறு சீட்டுகள்

சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கும் கிளிஃபர்ட், போக்கரில் கெட்டிக்காரர். இதைச் சொன்னவர் கிளிஃபர்ட். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். கப்பல் வரும் வெள்ளிக்கிழமைகளில் ஒருவருக்குத்தான் லீவு. இருவர் கேட்டால் சாப்பாட்டு நேரத்தில் சீட்டாடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் காரணம் சொல்லித்தான் கேட்டார்கள். அதில் ஒரே வருடத்தில் பதினொரு சித்தப்பாக்கள் இறந்துபோனார்கள். "இனிமே யாரும் காரணம் சொல்லக்கூடாது. சொன்னா லீவு கட்" என்று எழுந்து நின்று சட்டம் போட்டவர் கிளிஃபர்ட்தான். இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை அவருடைய மகள் கிறிஸ்டலுக்குக் கெலுகோரில் பட்டமளிப்பு விழா. மண்டபக் கதவை ஒன்பது மணிக்குச் சாத்திவிடுவார்கள். பதினொரு மணிக்குள் கிறிஸ்டலின் பெயரைக் கூப்பிடுவார்கள். எட்டரையிலிருந்து பதினொன்றரை வரை மூன்று மணி நேரம் கிடைத்தால் போதும். அதே நாளைக் கேட்டவர் கணக்குப் பிரிவு கிளாடிஸ். அவருடைய காரணம் அவருக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு ஆள் லீவின் எட்டு மணி நேரத்துக்குப் பதினாறு பேப்பர் கிளிப்; யாரிடம் எத்தனை நிற்கிறதோ அவருக்கு அவ்வளவு லீவு. ஒரு கிளிப் அரை மணி நேரம். திங்கள் முதல் அங்கும் இங்கும் அலைந்த கிளிப்புகள், வியாழன் மதியம் ஆளுக்கு எட்டாக நின்றன.

"போதும் அண்ணே, நிறுத்திக்குவோம். காலையில நீங்க, மத்தியானம் நான். எனக்கு ஓகே லா" என்றார் கிளாடிஸ்.

கிளிஃபர்ட் புன்னகைத்தார். ஒரு பெண் சமாதானம் பேசினால் பயந்துவிட்டாள் என்று அர்த்தம். இது அவருடைய நீண்ட ஆராய்ச்சியின் முடிவு. "இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு. சீட்டைப் போடு."

அவர்கள் ஆடுவது நடுவில் சேரும் பந்தயத்தைப் பாதியாகப் பிரிக்கும் ஆட்டம். கையில் நான்கு சீட்டு, மேஜையில் ஐந்து. கையிலிருந்து இரண்டும் மேஜையிலிருந்து மூன்றும் சேர்த்து ஒரு 'கை' அமைக்க வேண்டும். பெரிய கைக்குப் பாதி. எட்டுக்கு மேல் போகாத, ஜோடி சேராத சின்னக் கைக்கு மறுபாதி; அதில் ஏஸுக்கு மதிப்பு ஒன்று. சின்னக் கை யாருக்கும் அமையாவிட்டால், மொத்தமும் பெரிய கைக்கு.

கிளிஃபர்டின் கையில் ஒரு ஏஸ், ஒரு இரண்டு, ஒரு ஜோடி ஒன்பது. ஆளுக்கு இரண்டு கிளிப் நடுவில் விழுந்தது. மேஜையில் ஐந்து, எட்டு, ராஜா, பத்து என நான்கு சீட்டுகள் திறந்தன. கிளாடிஸ் மீதமிருந்த ஆறு கிளிப்பையும் நடுவே தள்ளினார்.

கையை மடக்கி இந்த ஆட்டத்திலிருந்து விலகினால் கிளிஃபர்டிடம் ஆறு கிளிப் மிஞ்சும். அதாவது மூன்று மணி நேரம். அதாவது பட்டமளிப்பு விழா.

ஆனால் கெட்டிக்காரர்கள் அப்படி யோசிப்பதில்லை. கடைசிச் சீட்டு மூன்று, நான்கு, ஆறு, ஏழு எதுவாக வந்தாலும் அவருக்குச் சின்னக் கை அமையும். பதினாறு சீட்டுகள் அவருக்காகக் கட்டுக்குள் காத்துக்கொண்டிருந்தன. உதவாத சீட்டுகள் இருபத்தெட்டு. அவற்றை அவர் எண்ணவில்லை. அந்தப் பதினாறும் பாதியைத்தான் வாங்கித்தரும் என்பதையும் அவர் பொருட்படுத்தவில்லை. மூன்று மணி நேரம் நான்காகும், அவ்வளவுதான். கிளாடிஸிடம் ஒன்றுமில்லை என்றால் ஒன்பது ஜோடியே பெரிய கையாகிவிடும். முழு நாளும் கிடைக்கும். குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்றுகூட முடிவு செய்துவிட்டார்.

"அண்ணே, பாதிக்காகவா இவ்வளவும் வைக்கிறீங்க?" என்றான் டெஸ்பாட்ச் அஸ்ஹர். சூதாட்டம் ஆகாது என்று சீட்டைத் தொடவே மாட்டான். ஒரு சீட்டையும் பார்க்காமல் விடவும் மாட்டான்.

"நீதான் ஆடமாட்டியே தம்பி, உனக்கு என்ன தெரியும்?" என்று ஆறு கிளிப்பையும் தள்ளினார்.

கடைசிச் சீட்டு: நான்கு.

"பார்த்தியா!" என்று கிளிஃபர்ட் மேஜையைத் தட்டியதில் அஸ்ஹரின் தே தாரிக் டீ சிந்தியது.

கிளாடிஸ் கையைத் திறந்தார். ஒரு ஏஸ், ஒரு இரண்டு, ஒரு ஜோடி ராஜா.

மேஜையிலிருந்த ராஜாவோடு மூன்று ராஜாக்கள். பெரிய பாதி அவருக்கு. சின்னக் கையும் அச்சு அசலாகக் கிளிஃபர்டின் கைதான். அதனால் மறுபாதியும் இரண்டாகப் பிளந்தது. கிளிஃபர்டுக்கு நான்கு கிளிப்.

"ரெண்டு மணி நேரம் அண்ணே" என்றார் கிளாடிஸ், பாவமாக. "மடக்கியிருந்தாலே மூணு இருந்திருக்கும்."

"கிளாடிஸ், நாளைக்கு காலையில எனக்கு..."

"ஆ! காரணம் சொல்லக்கூடாது" என்றான் அஸ்ஹர். "ரூல் உங்களோடது."

சொன்னால் இருக்கும் இரண்டு மணி நேரமும் போகும். கிளிஃபர்ட் நான்கு கிளிப்பையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மகளின் பெயரைக் கூப்பிடும்வரை உட்கார இரண்டு மணி நேரம் போதாது. முடிவிலாவது பார்க்கலாம் என்று வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பி, பாலப் பக்க நெரிசலில் ஊர்ந்து கெலுகோர் சேர்ந்தபோது விழா முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கறுப்பு அங்கியில் கிறிஸ்டல் மரத்தடியில் நின்றாள். அவள் வாங்கியிருந்தது புள்ளியியல் பட்டம்.

கிளிஃபர்ட் நடந்ததை மறைக்காமல் சொன்னார். சீட்டு சீட்டாகச் சொன்னார். அதில் மட்டும் அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

கிறிஸ்டல் கண்ணை மூடி ஒரு நொடி யோசித்தாள்.

"எதிர்ல ஒரே ஆளு. உங்களுக்குச் சின்னப் பக்கம் மட்டும். அதுவும் இன்னும் வரல. அதுக்கா மடக்காம ஆறையும் தள்ளினீங்க?"

"பதினாறு சீட்டு இருந்துச்சும்மா..."

"அப்பா," என்றாள் அவள், "மண்டபத்துல உங்க நாற்காலியில அம்மாவோட ஹேண்ட்பேக் உட்கார்ந்திருந்துச்சு. அதுகூட இதை மடக்கியிருக்கும்."