ஆறு ரவிக்கைகளும் ஓர் அளவும்

கண்ணால் கண்டதையும் கணினியில் இன்றும் பதிந்திருப்பதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். காரணம் உண்டு. இந்நிகழ்ச்சி உறவினர் வாய்வழியாகக் கிள்ளானைச் சுற்றி வந்ததில், மணப்பெண் மயங்கி விழுந்ததாகவும், என் மனைவி கடையைப் பூட்டிக்கொண்டு காஜாங்கில் ஒளிந்திருந்ததாகவும் இரண்டு செய்திகள் சேர்ந்துவிட்டன. இரண்டும் பொய். அவள் காஜாங்குக்குச் சென்றது குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சி உண்பதற்கு. அதுவும் திருமணம் முடிந்த பிறகு.

என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் தையற்கடை நடத்துகிறாள். அளவெடுப்பது அங்கே, வெட்டுவதும் தைப்பதும் கிள்ளான் பட்டறையில். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், அளவுகள் யாவும் இணையத்திலுள்ள ஒரு தரவுத்தளத்தில் பதிவாகும். அவற்றைத் தரவுக் கிடங்கு எனப்படும் பெருஞ்சேமிப்பில் சேர்த்துவிட்டால், எந்தப் பண்டிகைக்கு எந்த வேலை மிகுதி என்று ஆராயலாம். பட்டறைக்குரிய வெட்டுச் சீட்டும் அங்கிருந்தே அச்சாகும். தரவுத்தளத்தையும் கிடங்கையும் இணைக்க ஒரு வரி நிரலும் எழுத வேண்டியதில்லை. திரையில் இரண்டு பெட்டிகள், நடுவே ஓர் அம்புக்குறி, சில கேள்விகளுக்கு விடை, அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் மனைவி முடித்துவிட்டாள். கேள்விகளுள் ஒன்று, வந்திருப்பவர் பழைய வாடிக்கையாளர்தாமா என்பதை எதைக் கொண்டு அறிவது என்பது. பெயர்கள் ஒத்துப்போகலாம், எண் ஒத்துப்போகாது என்று கருதி, அவள் தொலைபேசி எண்ணைத் தேர்ந்தெடுத்தாள்.

ஆனால் நம் குடும்பங்களில் எண் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வாட்சாப் பார்ப்பவர் எவரோ, அவருடைய எண்ணே அனைவருடைய எண்ணும். காப்பாரிலிருந்து திருமணத்துக்கு ரவிக்கை தைக்க வந்த மணப்பெண் வீட்டார் அறுவரும் பெரியம்மாவின் எண்ணையே கொடுத்தார்கள். பெரியம்மா கடைசியாக அளவு கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அதே எண் வரவே, அதே ஆள்தான் மீண்டும் வந்திருக்கிறார் என்று கொண்டு, அந்தத் தானியக்க இணைப்பு கிடங்கிலிருந்த முந்தைய அளவை அழித்துப் புதியதை எழுதியது. முடிவில் கிடங்கில் ஆறு ரவிக்கைகள் இருந்தன. அனைத்துக்கும் உரியவராகப் பெரியம்மா ஒருவரே இருந்தார். அவர் நல்ல ஆகிருதி உடையவர்.

திருமணம் ஞாயிறன்று. வியாழக்கிழமை, தைத்தவற்றைப் போட்டுப் பார்க்க அறுவரும் கடைக்கு வந்தார்கள். மணப்பெண்ணின் தங்கை திரையை விலக்கிக்கொண்டு முதலில் வெளிவந்து என் மனைவியைப் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள இன்னொரு ஆளு தாராளமா இருக்கலாம் லா."

அடுத்து வந்த மணப்பெண் நழுவும் தோள்பட்டையை இரு கைகளாலும் பிடித்தபடி நின்றாள். அவள் தாயார்தான் பேசினார்.

"என்னம்மா இது, தலகாணி உறையா? ஞாயித்துக்கிழமை தாலி. என் புள்ள இதப் போட்டுக்கிட்டா மேடையில உக்காரும்?"

பெரியம்மா மட்டும் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அளவு அச்சா இருக்கே!"

"எல்லாமே உங்களுக்குத்தான் அச்சா இருக்கும் பெரிம்மா" என்றாள் தங்கை.

மனைவி பட்டறையைக் கைப்பேசியில் ஒலிபெருக்கி போட்டு அழைத்தாள். அங்கே துணி வெட்டுபவர் வேலை அனுமதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்.

"ஏண்ணே, ஆறும் ஒரே அளவா இருக்குன்னு ஒரு ஃபோன் கோல் அடிக்கக் கூடாதா?"

"ஆறு சீட்டுலயும் ஒரே பேருதாங்க்கா. ஒரே அம்மா ஆறு ஜாக்கெட் தைக்கிறாங்க, நல்ல வசதி போலன்னு நெனச்சேன். அடுக்கி வச்சு ஒரே வெட்டா வெட்டிட்டேன்."

மனைவி தரவுத்தளத்தைத் திறந்தாள். அங்கே அறுவரின் அளவுகளும் பழுதின்றி இருந்தன. இழப்பு கிடங்கில் மட்டுமே. எண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளத்தைப் பொருத்தி, புதிய சீட்டுகளைப் பட்டறைக்கு அனுப்பினாள். வெட்டிய துணியை அவ்வாறு மாற்ற இயலாது. கைப்பேசியில் அவள் குரல் தாழ்ந்தது.

"அண்ணே, பொண்ணோடத சரிபண்ண முடியுமா, முடியாதா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

"பெருசாத்தானே இருக்கு? பிடிச்சிரலாம்க்கா. சின்னதா வெட்டியிருந்தா நான் ஊருக்குத்தான் ஃபிளைட் ஏறணும்."

"கேட்டீங்களா?" என்றார் பெரியம்மா. "நான் கடைசியா அளவு குடுத்ததாலதான் எல்லாரும் தப்பிச்சீங்க."

ஞாயிறன்று கிள்ளான் மண்டபத்தில் அனைவரும் தாலியைப் பார்க்க, என் மனைவி தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை மாற்ற மணப்பெண் கையை உயர்த்தினாள். ரவிக்கை நழுவவில்லை. மனைவி அதன் பிறகே அட்சதை தூவினாள்.

வீடு திரும்பித் தரவுத்தளப் பதிவையும் கிடங்குப் பதிவையும் ஒப்பிட்டோம். காப்பார்க் குடும்பத்துக்கு முன்பே வேறு சில குடும்பங்களும் கிடங்கில் ஒவ்வோர் ஆளாகச் சுருங்கியிருந்தன. அவர்களுடைய துணிகள் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை. அழைத்துக் கேட்கலாமே என்றேன்.

"கேட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடும் லா" என்றாள்.

ஆகவே கேட்கவில்லை. அவர்களுள் எவர் பிறர் அளவை அணிந்தனர், எவர் வேறு கடையில் கொடுத்துப் பிடித்துக்கொண்டனர், எவர் தாம் இளைத்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தனர் என்பது எனக்குத் தெரியாது.