மந்தைவெளியில் பொறுக்கிய அரிசி

அதிகாலை 5.10. மதுரை ரயிலிலிருந்து மாம்பலத்தில் இறங்கினேன். மந்தைவெளிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நான் நூற்றைம்பதில் நின்றேன். என் பையில் எட்டிப் பார்த்த முருங்கைக்கீரையைக் கண்டு, "யாருக்கு இது?" என்றார். ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கைக்கு என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதில்லையா நைனா? குந்து. நூத்தம்பதே குடு."

காலை 6.00. மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும். கதவைத் திறந்த தங்கை செல்வியின் முகம் வெளுத்திருந்தது. போன மாதச் சோதனையில், பதினொன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு எட்டுதான் இருந்தது. இன்று மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கவலைதான் என்னை ரயிலேற்றியது.

அவள் கணவர் முருகேசன் தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு பத்துக்குத்தான் கால் மடக்குவார். அன்று அவருக்கு வார விடுமுறை. மனிதர் தூங்காமல், முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிளாஸ்டிக் அரிசி மச்சான். நீங்க குடும்பக் குரூப்ல வீடியோ போட்டீங்கள்ல, அன்னையிலருந்து ஒருநாள்கூட விட்டதில்ல. வயித்துப் பிள்ளைக்காரி திங்கிற சோறுல்லா?"

மற்ற அரிசியைவிடக் கொஞ்சம் மங்கலாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தவற்றைக் காட்டினார். பொறுக்கியதைக் குப்பையில் போட மனம் வராமல் மொட்டைமாடிப் புறாக்களுக்குப் போடுகிறாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி பொறுக்கினேன்.

காலை 10.15. அரசு ஆரம்ப சுகாதார நிலையம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நர்ஸ் செல்வியின் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அதே எட்டு. மாத்திரை போட்றியா?"

"தினம் போடுறேன் சிஸ்டர்."

"அடுத்த மாசமும் ஏறலன்னா ஊசில ஏத்தணும்மா. சாப்பாடு இன்னா சாப்புட்ற?"

முருகேசன் முந்திக்கொண்டார். கீரை, கடலை எல்லாம் சொல்லிவிட்டு, அரிசி பொறுக்கும் கதைக்கு வந்தார். கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது பிளாஸ்டிக் இல்லீங்க. அரிசி மாவுல இரும்புச் சத்து, வைட்டமின்லாம் கலந்து அரிசி மாதிரியே செஞ்சது. நூறு கிலோக்கு ஒரு கிலோ கலக்கறாங்க. இவங்களுக்காகத்தான் குடுக்கறதே. அத்தப் பொறுக்கிப் புறாக்குப் போட்டுக்கினு இருந்தீங்களா?"

சிரிக்கப் போன நர்ஸ், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அது ஒண்ணால மட்டும் ரத்தம் கொறையாது, நீங்க மனச உட்டுடாதீங்க," என்றார். "யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரோ வீடியோ அனுப்புனாங்க சிஸ்டர்." என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். "நான்தான் சிஸ்டர் அனுப்பினேன்," என்றேன்.

பகல் 12.00. முருகேசன் பொறுக்காத அரிசியை எடுத்துக் களைந்தார். அந்த அரிசி தண்ணீரில் மிதக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதனால் பாத்திரத்தின் விளிம்பில் உள்ளங்கையை அணையாக வைத்து, சொட்டுச் சொட்டாக வடித்தார். செல்வி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி வடிச்சா எப்பங்க உலை கொதிக்கும்?"

"கொதிக்கட்டும் மெதுவா. நீ போய் உக்காரு."

அவர்மேல் எனக்கு அன்று வந்த பிரியத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பிற்பகல் ரயிலில் எழும்பூரிலிருந்து கிளம்பினேன். தாம்பரம் தாண்டியதும் குடும்பக் குரூப்பில், நான் அனுப்பிய வீடியோ பொய், அந்த அரிசியை யாரும் பொறுக்கி எறியாதீர்கள் என்று எழுதினேன். முதல் பதில் மதுரையில் இருக்கும் என் மனைவியிடமிருந்து வந்தது.

"அப்ப நம்ம பாப்பாவுக்கும் நான் இத்தன நாளாப் பொறுக்கித்தானே சோறு போட்டேன்?"

எங்கள் மகள் பாப்பாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் காலைக் கூட்டத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று நான் அவளைத்தான் திட்டினேன்.

விழுப்புரம் வந்ததும் மனைவிக்கு எழுதினேன்: "நாளைக்கு அரிசியை நான் களைகிறேன்."