மூன்றாவது மயில்

முத்துப்பேச்சியைப் பற்றி யாராவது "அமைதியான பிள்ளை" என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 2005-இல் சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்ச். அவள் வாயைத் திறப்பது குறைவு. திறந்தால் மூட வைக்க ஆளில்லை.

அவளுக்கு வீடு திருத்தங்கல். அம்மா சண்முகத்தாய் தினமும் விடிந்ததும் வேன் ஏறி அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆபீசுக்கு, அதாவது தொழிற்சாலைக்குப் போய், வெடிமருந்து படிந்த கையோடு திரும்புகிறவர். மகளுக்கும் அங்கே வேலைக்கு ஒரு இடம் சொல்லி வைத்திருந்தார். "பாஸானா சந்தோசம் தாயி. இல்லைன்னா சும்மா உக்காந்திருக்க முடியுமா? வேன் வாசலுக்கே வருது" என்பார். வன்மமாகச் சொன்னதில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். முத்துப்பேச்சிக்கு அதுதான் பயம். புராஜெக்ட் ஒன்று பாக்கி. அது பாஸாகிவிட்டால் அந்த வேனில் ஏற வேண்டியதில்லை.

எல்லோரும் வி.பி. என்கிற விஷுவல் பேசிக்கில் ஏதோ ஒரு புரோகிராம் செய்தோம். நான் செய்தது லைப்ரரி மேனேஜ்மென்ட். எங்கள் லைப்ரரியன் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இவள் மட்டும் ஹாஸ்கெல் என்று ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டாள். என் அண்ணன் பைசல் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் டவுன்லோடு பண்ணி சி.டி.யில் எழுதிக்கொண்டு போனாள். அந்த மொழியில் எல்லாமே கணக்குச் சூத்திரம் மாதிரி எழுத வேண்டும். எண்களில் சரியான கறார் பேர்வழி. முழு எண்ணையும் தசம எண்ணையும் சேர்த்துக் கூட்டச் சொன்னால் மாட்டேன் என்று நிற்கும். எது எந்த வகை என்று நாம் சொல்லியாக வேண்டும். "இதுக்கும் உனக்கும் ஒரே ஜாடைடி" என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

புராஜெக்ட் என்னவென்றால், திருத்தங்கல் அச்சகங்களுக்கான கணக்கு. இவ்வளவு அகலமான தாளில் இவ்வளவு அகலமான பட்டாசு லேபிள் வரிசைக்கு எத்தனை அடங்கும் என்று சொல்ல வேண்டும். அச்சகத்தில் எல்லோரும் இஞ்சில் பேசுகிறவர்கள். துறைத்தலைவர் சீனிவாசகம் சாருக்கு இஞ்ச் ஆகாது. "எம்.சி.ஏ. புராஜெக்ட்மா இது. மீட்டர்ல போடு" என்றார். போட்டாள். "ஹாஸ்கெல்னு ஒண்ணை எந்தக் கம்பெனியில கேக்கான்? வி.பி.க்கு மாத்து" என்றார். அதற்கு மட்டும் மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அவருக்கு இவளைக் கண்டாலே ஆகாது.

முதல் ரிவ்யூவில் மானம் போனது. தாள் 0.6 மீட்டர், லேபிள் 0.2 மீட்டர். மூன்று அடங்கும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். திரையில் வந்தது இரண்டு. கம்ப்யூட்டர் லேபே சிரித்தது. "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் சார்.

முத்துப்பேச்சி எழுந்து வந்து என் மெஷினில் உட்கார்ந்தாள். அதே கணக்கை வி.பி.யில் போட்டாள். அங்கேயும் இரண்டு. "இதையும் பாத்துட்டுச் சிரிங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சாரும்தான். "அப்போ பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்டு பண்ணிட்டுப் போ. எல்லாரும் அதைத்தான் செய்றாங்க" என்று எரிந்து விழுந்தார்.

காரணத்தை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பத்தால் வகுத்து எழுதினால் மூன்றில் ஒன்று 0.333 என்று முடியாமல் போகுமில்லையா? கம்ப்யூட்டர் இரண்டால் வகுத்து எழுதுகிறது. அதற்கு அரையும் காலும் அரைக்காலும் அச்சாக வரும், 0.6 வராது. ஒரு மயிரிழை குறைத்து வைத்துக்கொள்ளும். வகுத்தால் மூன்றுக்குக் கொஞ்சம் கீழே வரும். மீதியைத் தள்ளினால் இரண்டு.

"முக்கா இஞ்ச், அரை இஞ்ச்னு விட்டிருந்தா இந்த வம்பே இல்லைடி ஹாதியா. மீட்டர்ல போடச் சொன்னது அவரு, சிரிப்பா சிரிச்சது என் பொழப்பு" என்று பொருமினாள். ஆனாலும் இஞ்சுக்குத் திரும்பவில்லை. மீட்டரிலேயே சரியாக வர வைத்துக் காட்டுகிறேன் என்று வீம்பு. புரோகிராமில் எண்ணின் வகை 'டபுள்' என்ற தசம வகையாக இருந்த இடத்தில் 'ரேஷனல்' என்ற பின்ன வகைக்கு மாற்றினாள். அவ்வளவுதான். இப்போது 0.6 என்பது ஐந்தில் மூன்று, 0.2 என்பது ஐந்தில் ஒன்று. பின்னம் பின்னமாகவே இருக்கும், மயிரிழைகூடக் குறையாது. விடை மூன்று.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மதுரையிலிருந்து ஒரு வெளித்தேர்வாளர், எக்ஸ்டர்னல், வந்திருந்தார். முத்துப்பேச்சி இரண்டு தாள்களைச் சுருட்டி, கொஞ்சம் லேபிளும் கையில் கொண்டுவந்தாள். எங்கள் ஊர் அச்சகங்களில் வேலை தொடங்குமுன் லேபிளைத் தாளில் அடுக்கிப் பார்ப்பார்கள். அதையே தேர்வு மேசையில் செய்தாள். அறுபது சென்டிமீட்டர் தாளில் மயில் படம் போட்ட மூன்று பட்டாசு லேபிள் கச்சிதமாக உட்கார்ந்தது. புரோகிராமும் மூன்று என்றது.

"ரவுண்டு பண்ணியிருந்தாலும் மூணுதானம்மா?" என்றார் சீனிவாசகம் சார், எக்ஸ்டர்னலைப் பார்த்துக்கொண்டே.

அவள் அடுத்த தாளை விரித்தாள். அது ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். "இதை இருபதால வகுத்தா ரெண்டு புள்ளி ஒன்பது சார். ரவுண்டு பண்ணினா இதுவும் மூணு. வச்சுப் பாருங்க."

மூன்றாவது லேபிள் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மயிலின் தோகை நுனி மேசை மேல் கிடந்தது. "சீசன்ல லட்சம் லேபிள் இப்படி அடிச்சா, மூணுக்கு ஒரு மயில் மொட்டையா வரும். என் புரோகிராம் இதுக்கு ரெண்டுன்னு சொல்லும்."

எக்ஸ்டர்னல் தாளைத் தடவிப் பார்த்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு சார்" என்றார். அவர் வாயிலிருந்து இது வந்த பிறகு ஃபெயில் போட முடியாது. சீனிவாசகம் சார் ரிப்போர்ட்டைத் தள்ளினார். "ரவுண்டிங் பண்ணலாம்னு என் யோசனையையும் ஒரு பத்தி எழுதிக் குடு. எண்பது போடுறேன்."

"தப்பை என் பேர்ல எழுத மாட்டேன் சார்."

ஐம்பது போட்டார். பாஸ் மார்க், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. லைப்ரரியன் பார்க்காத என் லைப்ரரிக்குத் தொண்ணூற்றிரண்டு. நான் அந்த மனுசனைப் பேர் சொல்லித் திட்டினேன். அவள் சுருட்டிய தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாஸ்தான?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சண்முகத்தாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேன் வந்து ஹாரன் அடித்திருக்கிறது. அம்மாவுக்கு முன்னால் மகள் ஓடிப்போய் டிரைவர் பக்கம் நின்றாளாம்.

"அண்ணே, எனக்குன்னு ஒரு எடம் வச்சிருந்தாகல்ல? அதை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிருங்க."