இடுப்பில் கட்டிய துண்டு

2007 ஜூலை 14, சனிக்கிழமை. கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்பின் மேற்புறம் ஒரு மாடியறை. பிரவுசிங் சென்டர் நடத்தும் வேல்ராஜ், வயது முப்பத்திரண்டு, கழுத்தில் சாம்பல் நிற மப்ளருடன், மானிட்டரின் முதுகில் இரு உள்ளங்கைகளையும் பதித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். கை சூடேறாமல் எந்தப் புகாரையும் அவர் திறப்பதில்லை. "வெறச்ச கையோட தீர்ப்புச் சொன்னா, தீர்ப்பும் வெறச்சுத்தான் கெடக்கும்" என்பார்.

புகார்கள் ‘மேல்மலை மன்றம்’ என்ற இணையக் குழுவுக்கு வருபவை. திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன மலைக்காரர்கள் ஊர்க்கதை பேசும் இடம் அது. எந்தப் பதிவு இருக்கலாம், எது போகவேண்டும் என்று முடிவு செய்யும் மட்டுறுத்துநர் வேல்ராஜ். பூண்டு விலை, கூக்கால் ஊருக்குப் பஸ் வராத கதை இவற்றால் தொல்லையில்லை. ஒரே ஒரு விதிதான் தூக்கத்தைக் கெடுப்பது: பொதுவாழ்வில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கேட்கலாம், தனி ஆளைக் கூடாது. பொதுவாழ்வு என்றால் என்ன? தேர்தலில் வென்ற பதவி என்று அவரே எழுதிவைத்திருந்தார்.

அந்த விதிதான் இப்போது அவரைக் கடித்தது. அவருடைய ஊரின் பஞ்சாயத்துத் தலைவர் விசாலாட்சி. பெண்களுக்கு ஒதுக்கிய இடம். நிர்வாகம் முழுவதும் கணவர் பழனிமுத்துவின் கையில். திருப்பூரில் தையல் வேலை பார்க்கும் சுகன்யா மன்றத்தில் எழுதியிருந்தாள்: கீழத்தெருவுக்கு வரவேண்டிய குடிநீர்க் குழாயைப் பழனிமுத்து தன் பூண்டுத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார்; என் அம்மா இன்றும் ஓடையிலிருந்து குடம் சுமக்கிறாள். ‘நான் தனி ஆள், நீக்கு’ என்று பழனிமுத்துவிடமிருந்து புகார் வந்தது. விதிப்படி சரி. வேல்ராஜ் நீக்கினார். விசாலாட்சியின் கோணல் கையெழுத்தையும் சமையலையும் உடம்பையும் கேலி செய்த பதிவுகள் மட்டும் நின்றன. அவர் பதவியில் இருப்பவராயிற்றே.

சுகன்யா போனில் கூப்பிட்டாள். "ஏண்ணே, கொழாயத் திருப்புனவரு தனி ஆளு, பேனாவத் தொட்டவுக பொது ஆளா? நல்லாருக்குங்க உங்க மன்றம்!"

"செத்த பொறு தாயி" என்றார் வேல்ராஜ்.

ஊர் கூடிப் பேசும் பொட்டலான மந்தையில் அவர்களுக்கு ஒரு வழக்கம். ஊர்ப்பொதுக் காரியம் பேச எழுபவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும். கட்டியிருக்கும்வரை விறகுக்கட்டோடு போகிறவள்கூட நின்று அவரைக் கேள்வி கேட்கலாம். உதறித் தோளில் போட்டுவிட்டால் அவர் வீட்டு ஆள். குழாய் எந்தத் தெருவுக்கு என்று பேசிய நாளில் துண்டு கட்டியவர் பழனிமுத்து. வேல்ராஜ் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தான். கணினி முன்னால் விதி எழுதியபோது மந்தை அவர் நினைவுக்கு வரவில்லை.

நீக்கிய பதிவை மறுபடி ஏற்றினார். திங்கட்கிழமை பழனிமுத்து படியேறி வந்தார். அந்த மாடியின் சொந்தக்காரரும் அவரே.

"ஏலே வேலு, எடுத்ததத் திரும்பப் போட்டியாமே? வெரசா எடுத்துரு."

"மாமா, கொழாய்ச் சோலி பேசுனன்னைக்கு மந்தையில துண்டு கட்டுனது யாருங்க? அத்தையா?"

"அவளுக்கு ஏதுலே துண்டு?"

"அதத்தாங்க நானும் சொல்றேன்."

"பிரசிடெண்டு அவதான்லே! கவர்மெண்டு காயிதமே சொல்லுது."

"காயிதத்துக்கு அத்தை பதில் சொல்லட்டும். கொழாய்க்கு நீங்க சொல்லுங்க."

பழனிமுத்து கணினிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "மாசக் கடைசியில மாடி காலியாகணும்."

"சரிங்க மாமா. படி ஈரமாக் கெடக்கு, பாத்து எறங்குங்க."

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி மறைந்ததும் வேல்ராஜ் நெடுநேரம் மானிட்டரின் மேல் கை வைத்திருந்தார். பிறகு புது விதியைத் தட்டினார்: ஊர்க் காரியத்தை யார் முடிவு செய்தாரோ, அந்தக் காரியத்தில் மட்டும் அவர் பொது ஆள். போட்ட கையெழுத்தைக் கேட்கலாம். அது கோணலாக இருப்பதைக் கேட்கக் கூடாது. விசாலாட்சியின் சமையலும் உடம்பும் மன்றத்திலிருந்து போயின. ‘தலைவர் ஏன் அலுவலகம் வருவதில்லை?’ என்ற பதிவு நின்றது.

வெளியிடுவதற்கு முன் மப்ளரைக் கழற்றினார். அறையில் ஒருவரும் இல்லை. அதை இடுப்பில் சுற்றி முடிச்சிட்டார். இதுவரை ‘மட்டுறுத்துநர்’ என்று மட்டும் இருந்த இடத்தில் தன் பெயரையும் ஊரையும் எழுதினார்.

மறுநாள் காலை, அவரைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்திருந்த கேள்விகள் பதினேழு.